டிக்கியில் பூட்டிய உரிமை

கேள்வி: துப்பாக்கி வைத்துக்கொள்வது அமெரிக்க அரசியல் சாசனம் தந்த உரிமை. 2022-இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. அப்படியிருக்க, ஒரு மாநிலத்தில் முறைப்படி லைசென்ஸ் வாங்கியவரைப் பக்கத்து மாநிலத்தில் கைது செய்வது அராஜகம் இல்லையா?

பதில்: அராஜகம் இல்லை, சட்டம்தான். வயிற்றெரிச்சலே அதுதான்.

டிரைவிங் லைசென்ஸ் மாதிரி நினைத்துவிட்டீர்கள். துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போகும் பெர்மிட், கொடுத்த மாநிலத்திலும் அதை ஏற்கச் சம்மதித்த மாநிலங்களிலும்தான் செல்லும். 2022 தீர்ப்பும், 'உனக்கென்ன விசேஷத் தேவை?' என்று கேட்டு லைசென்ஸை மறுக்கக் கூடாது என்றதே தவிர, லைசென்ஸே வேண்டாம் என்று சொல்லவில்லை.

பென்சில்வேனியா மாநிலத்துப் பிலடெல்பியாவிலிருந்து டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் நியூ ஜெர்சி மாநிலம். 2013-இல் ஒரு பிலடெல்பியாப் பெண் காரில் அங்கே போனபோது போலீஸ் நிறுத்தியது. கைப்பையில் துப்பாக்கி இருப்பதை அவரே சொன்னார். பென்சில்வேனியா பெர்மிட் அங்கே வெறும் காகிதம். குறைந்தது மூன்று வருடச் சிறை என்று பயமுறுத்தியது வழக்கு. கடைசியில் 2015-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்க வேண்டியிருந்தது.

இப்படி வழியில் மாட்டுகிறவர்களுக்காகவே, இடையில் வரும் மாநிலம் அவர்களைப் பிடிக்கக் கூடாது என்று 1986-இல் ஒரு மத்திய சட்டம் போட்டார்கள். ஆனால் நிபந்தனைகள் உண்டு. புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருப்பது சட்டப்படி சரியாக இருக்க வேண்டும். குண்டு போட்டிருக்கக் கூடாது. கைக்கு எட்டாமல் டிக்கியில் இருக்க வேண்டும். டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில். டாஷ்போர்டு அறையைப் பூட்டிவிட்டு 'பூட்டித்தானே இருக்கிறது' என்று சொல்ல முடியாது. சட்டமே அதை விலக்கிவிட்டது.

சரி, இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தவர் கதை? 2005-இல் யூட்டாக்காரர் ஒருவர் துப்பாக்கியைப் பூட்டி, விமான நிலையத்தில் சொல்லி, செக்-இன் பெட்டியில் போட்டு பென்சில்வேனியாவுக்குக் கிளம்பினார். நியூ ஜெர்சியின் நெவார்க்கில் இணைப்பு விமானம் தவறியது. மாற்றாகப் பிடித்த பஸ்ஸில் அவர் பெட்டி ஏறவில்லை. அதைத் தேடி எடுப்பதற்குள் பஸ் போய்விட்டது. பெட்டியோடு ஓட்டலில் தங்கினார். மறுநாள் விமான நிலையத்துக்கு வந்து, 'துப்பாக்கி இருக்கிறது' என்று மறுபடி நேர்மையாகச் சொன்னார். கைது. நாலு நாள் ஜெயில்.

வழக்கு கைவிடப்பட்டது, துப்பாக்கி திரும்பி வர மட்டும் கிட்டத்தட்ட மூன்று வருடம். நஷ்டஈடு கேட்டார். 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கையை விரித்தது. ஓட்டலில் பெட்டி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததாம், 1986 சட்டம் தந்த பாதுகாப்பு அங்கேயே அறுந்துவிட்டதாம். பெட்டியை வாங்குவதற்கு முன் விமான நிலைய போலீஸிடம் போயிருக்கலாம் என்ற யோசனை வேறு! ராத்திரி நேரத்தில், பஸ்ஸைத் தவறவிட்ட மனிதனுக்கு அதெல்லாம் தோன்றுமா என்று கேட்காதீர்கள்.

என் கோபம் போலீஸ்காரர் மேல் இல்லை. பயணி தூங்குவான், விமானம் தவறும் என்பதை யோசிக்காமல் சட்டம் எழுதிய நாடாளுமன்றத்தின் மேல்தான். ஒரு மாநிலப் பெர்மிட்டை மற்ற மாநிலங்களும் ஏற்கச் சொல்லும் மசோதா 2017-இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் அப்படியே கிடந்து செத்தது. அராஜகம் என்ற வார்த்தையைச் செலவழிப்பதானால் அங்கே செலவழியுங்கள்.