தூக்க மாத்திரை வாங்கித் தரலாமா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவர் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். கடன் நெருக்கியதால் போன வருடம் மூடிவிட்டோம். மூன்று மாதமாக அவருக்குச் சரியான தூக்கமில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து வாசல்படியில் உட்கார்ந்துகொள்கிறார். சோறு இறங்குவதில்லை, பையனிடம்கூடப் பேச்சில்லை. போன வாரம் "நான் இல்லாட்டி நீங்களாவது நிம்மதியா இருப்பீங்க" என்றார். டாக்டரிடம் கூப்பிட்டால் "என்னைப் பைத்தியம்னு முடிவு பண்ணிட்டியா" என்று கத்துகிறார். மாமியார் கயிறு மந்திரித்துக் கட்டிவிட்டிருக்கிறார். தெரிந்த மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கித் தரலாமா?
- பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்

பதில்: வேண்டவே வேண்டாம். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன், அதைவிட அவசரம் அவர் போன வாரம் சொன்ன அந்த ஒரு வரி. விரக்தியில் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். இன்று ராத்திரி பையன் தூங்கிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப்போயிடலாம்னு தோணுதுங்களா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் நாமே எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்று எல்லோருமே பயப்படுகிறோம், அப்படி ஆகாது, கேட்க ஒரு ஆள் இருக்கிறதே என்று பாரம் இறங்குகிறவர்கள்தான் அதிகம். ஆமாம் என்று சொன்னால் தனியாக விடாதீர்கள், விடியும்வரை காத்திருக்காமல் அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அவர் என்ன பதில் சொன்னாலும் சரி, வீட்டில் பூச்சிமருந்தோ, சேர்ந்து கிடக்கும் பழைய மாத்திரைகளோ இருந்தால் இன்றே வேறு வீட்டுக்குப் போகட்டும். அந்த எண்ணம் உச்சத்துக்குப் போகும் நேரம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான், அப்போது எதுவும் கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர் தப்பிவிடுகிறது.

மூன்று மணிக்கு முழிப்பு, சாப்பாடு இறங்காதது, பேச்சு குறைந்தது - இதெல்லாம் சேர்ந்து மூன்று மாதம் நீடித்தால் அது வெறும் கடன் கவலை இல்லை. மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மருந்துக்குக் கேட்கிற நோய்தான். அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், உங்கள் வேலை அவரை அந்த வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது. அவரைக் கூப்பிடும்போது மனநலம் என்ற வார்த்தையே முதலில் வேண்டாமே. "மூணு மாசமா தூங்கலைங்க, அதுக்குக் காட்டிட்டு வருவோம்" என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லையே.

என் அப்பாவையும் நான் இப்படித்தான் கூட்டிப்போனேன். ஓ.பி. சீட்டு வாங்கி மனநலப் பிரிவு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்தோம். முன்னால் காக்கிச் சட்டையோடு ஒரு பஸ் கண்டக்டர், பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண், அவளுடைய மஞ்சள் பையில் மடித்து மடித்துக் கிழிந்துபோன பழைய சீட்டு. அப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எல்லாம் நம்மள மாதிரிதான்டா இருக்காங்க" என்றார். அவருக்கு அதுவரை இருந்த பயம் டாக்டரைப் பற்றியது இல்லை போலிருக்கிறது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு, மாத்திரையும் இலவசம். ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்: மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் வயிற்றைப் பிரட்டலாம், "இதெல்லாம் தண்டம்" என்று அவர் தூக்கிப் போடப் பார்ப்பார். அங்கேதான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். நன்றாகிவிட்டது என்று தோன்றினாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. மெடிக்கலில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை வேறு சமாச்சாரம், அதில் பல வகை பழகிவிடும், அடியிலிருக்கிற நோயும் அப்படியே இருக்கும், கூடவே இப்போதைய நிலையில் அட்டை அட்டையாக அதை வீட்டில் வைப்பதே ஆபத்து.

கயிற்றுக்காக மாமியாரோடு சண்டை வேண்டாம். கயிறும் இருக்கட்டும், மாத்திரையும் போடட்டும்.

அவர் வரவே மாட்டேன் என்றால் நீங்கள் 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, இரவு பகல் எந்நேரமும், இலவசம், தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை, வீட்டு ஆளும் கேட்கலாம். சென்னையில் 1986-லிருந்து இயங்கும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. மூன்று மாதமாக நீங்களும் அவரோடு சேர்ந்து மூன்று மணிக்கு முழித்துக்கொண்டுதான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், உங்களுக்காகவும் ஒரு தடவை பேசிவிடுங்கள்.

கேள்வி: காலேஜ் கவுன்சிலரிடம் பேச ஆசை. ஆனால் எச்.ஓ.டி.க்குப் போய்விடுமோ என்று பயம்.
- ஹாஸ்டல் மாணவன், கோவை

பதில்: பயம் நியாயமானதுதான் தம்பி. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையை உனக்குத் தருகிறது, உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில நிலைமைகள்தான் விதிவிலக்கு. இருந்தாலும் முதல் நாளே, "நான் சொல்றது யார் யாருக்குப் போகும்?" என்று கேட்டுவிடு. பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடு, வெளியே அரசு மருத்துவமனை இருக்கிறது, 14416 இருக்கிறது.

கேள்வி: மனநோய்க்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் கிடைக்குமா?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே இதற்கும் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்த்தால்தான் பணம் தரும், ஓ.பி. செலவும் மாத்திரைச் செலவும் கையிலிருந்துதான். பாலிசியில் ஓ.பி. என்ற வார்த்தை எங்கே வருகிறது என்று தேடிப் படித்துவிட்டு ஏஜென்டிடம் பேசுங்கள்.