கல்லறையில் மூன்று பெண்கள்

அன்புள்ள ஐயா,

ஃப்ளோரன்ஸ் போய்வந்த என் தம்பி ஒரு புகைப்படம் அனுப்பினான். சாந்தா குரோச்சே தேவாலயத்தில் மைக்கலாஞ்சலோவின் கல்லறை. மேலே அவருடைய மார்பளவுச் சிலை, கீழே சோகமாக உட்கார்ந்திருக்கும் மூன்று பெண்கள். அவரே செதுக்கி வைத்துக்கொண்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் செதுக்கிய டேவிட் சிலையின் படத்தைப் பார்த்தபோது வந்த சிலிர்ப்பு இதில் வரவில்லை. என் ரசனையில் கோளாறா?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

கோளாறு ஒன்றுமில்லை. அந்தக் கல்லறையில் எங்கும் அவருடைய உளி பட்டதில்லை. 1564 பிப்ரவரியில், 88 வயதில், அவர் ரோமில் இறந்தார். அவருடைய தம்பிக்கு லியோனார்தோ என்று ஒரு மகன் உண்டு. அவர்தான் உடலைச் சரக்கு மூட்டைபோலக் கட்டி, ரோமில் யாருக்கும் தெரியாமல் ஃப்ளோரன்ஸுக்கு அனுப்பிவைத்தார். பளிங்கைக் கொடுத்தது ஃப்ளோரன்ஸை ஆண்ட கோசிமோ மெடிச்சி, வடிவமைத்தது மைக்கலாஞ்சலோவின் வரலாற்றை எழுதிய ஓவியர் வசாரி. சிலைகளைச் செய்தது மூன்று பேர். பெரிய கைக்குச் சின்னக் கைகள் செய்த மரியாதை. முறையாக இருக்கிறது, கொஞ்சம் விறைப்பாகவும் இருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கி, இடப்பக்கத்துப் பெண்ணின் கையைப் பாருங்கள். மூன்று பெண்களும் ஓவியம், சிற்பம், கட்டடம் என்ற மூன்று கலைகளின் உருவங்கள். அந்த மூன்று சிற்பிகளில் ஒருவரான லொரென்சி செதுக்கிய இவள் ஓவியக் கலை. ஆனால் கையில் இருப்பது ஒரு குட்டிச் சிலை! முதலில் அவளைச் சிற்பக் கலையாகத்தான் ஆரம்பித்தார்கள். வேலை நடக்கும்போதே சிற்பத்துக்கு நடு இடம் என்று முடிவு மாறியது. இவள் ஓவியமானாள், கையிலிருந்தது அப்படியே தங்கிவிட்டது. எனக்கு அந்தக் கல்லறையிலேயே பிடித்த இடம் இதுதான்.

சரி, தன் கல்லறைக்கென்று அவர் செதுக்கியது இல்லையா? இருக்கிறது. எழுபதைத் தாண்டிய பிறகு தொடங்கிய பியெட்டா, அதாவது இறந்த இயேசுவைத் தாங்கி அழும் காட்சி. சரிகிற இயேசுவைப் பின்னாலிருந்து தாங்கும் முக்காடிட்ட கிழவர் நிக்கொதேமுவின் முகம் மைக்கலாஞ்சலோவின் முகமேதான் என்று வசாரி எழுதியிருக்கிறார். எட்டு வருடம்போல உழைத்துவிட்டு, ஒருநாள் அவரே சுத்தியலை எடுத்து அடித்து உடைத்தார். கல் சரியில்லை என்ற எரிச்சல். உடைந்ததைச் சீடர் கல்காஞ்ஞி ஒட்டவைத்தார். இந்தக் கல்லறைக்கு அதையே வைக்கலாமென்று வசாரி முயன்றும் பார்த்தார், நடக்கவில்லை. இப்போது அது அதே ஊரில், தலைமைத் தேவாலயத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாந்தா குரோச்சேயிலிருந்து நடந்தே போய்விடலாம்.

தம்பி அங்கேயும் போயிருந்தால் அந்தப் படத்தையும் கேட்டு வாங்குங்கள். அதில் இயேசுவின் இடது காலைத் தேடிப் பாருங்கள், இருக்காது.