தேங்காய் உடைகிறது, சத்தம் பிறகு வருகிறது

கேள்வி: மறைந்த என் அப்பா 1994இல் புது வள்ளத்தைக் கடலில் இறக்கியதும், அதே மாதம் நடந்த அக்கா கல்யாணமும் ஒரே வீடியோ கேசட்டில் இருக்கின்றன. அதைக் கணினிக்கு மாற்றினேன். தொடக்கத்தில் எல்லாம் சரி. ஒரு மணி நேரம் நெருங்கும்போது அப்பா வாயை மூடிய பிறகுதான் அவர் குரல் கேட்கிறது. படத்துக்கான மஞ்சள் வயரை, கணினிக்கு மாற்றித் தரும் யு.எஸ்.பி. கருவியிலும், ஒலி வயரை மடிக்கணினியின் மைக் துளையிலும் செருகியிருந்தேன். எப்படிச் சரிசெய்வது?
(மண்டபம் வாசகி)

பதில்: கடைசி வரிக்கு முந்தைய வரியில் நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள், அம்மா. படம் ஒரு கடிகாரத்தைப் பார்த்து ஓடியிருக்கிறது, ஒலி இன்னொன்றைப் பார்த்து. மடிக்கணினியின் ஒலி அட்டை ஒலியைத் துளித்துளியாக அளந்து பதியும்; அந்த அளவுகளுக்கு மாதிரிகள் என்று பெயர். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்று சொல்லிக்கொள்ளும் அட்டை உண்மையில் 48,029 எடுத்தால் போதும். 55 நிமிடத்தில் ஒலி இரண்டு நொடி பின்தங்கிவிடும்.

பாம்பனில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவன் நான். பழைய கேசட்டுகளை மாற்றத் தொடங்கிய புதிதில், இதே கோளாறுக்கு ஒலி முழுவதையும் இரண்டு நொடி முன்னால் இழுத்துவிட்டேன். தாலி கட்டும் இடம் சரியானது. ஆனால் முகூர்த்தத்துக்கு முன்பு உடைத்த தேங்காய், தரையைத் தொடுவதற்குள் வெடித்தது! வீட்டுக்காரர் சிரித்தார், கூலியை மட்டும் பிறகு தருவதாகச் சொன்னார்.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். வள்ளத்தின் அணியத்தில் (முன்முனையில்) தேங்காய் உடையும் காட்சியை ஒவ்வொரு சட்டகமாக (ஃபிரேமாக) நகர்த்துங்கள். நம் ஊர் வீடியோவில் நொடிக்கு 25 சட்டகம், ஒன்றுக்கு 0.04 நொடி. காற்று இரைச்சலுக்கு நடுவிலும் அந்த அடி, திரையில் ஒலியைக் காட்டும் அலைக்கோட்டில் ஊசிபோல நிமிர்ந்து நிற்கும். கடைசியில் தவில் கோல் தோலில் விழும் ஒரு சட்டகத்தைப் பிடியுங்கள். தூரத்தில் போட்ட வெடியை அடையாளமாக வைக்காதீர்கள். நூறு மீட்டர் தள்ளி வெடித்தால் சத்தம் வந்துசேரவே 0.3 நொடி ஆகும்; அது கடற்கரையின் குற்றம், கருவியின் குற்றமல்ல.

நடுவிலும் ஓரிடம் பாருங்கள். தொடக்கத்தில் இடைவெளி இல்லை, நடுவில் ஒரு நொடி, கடைசியில் இரண்டு என்றால் கடிகாரக் கோளாறுதான். நடுவரை சரியாக இருந்து ஓரிடத்தில் திடீரென்று தாவினால், நாடா கெட்ட இடத்தில் சட்டகங்கள் விடுபட்டுப்போயிருக்கின்றன. இரண்டு நொடி என்றால் 50 சட்டகம். அங்கே இழுத்துச் சுருக்குவது வீண். தாவும் இடத்தில் ஒலியை வெட்டி, அதற்குப் பின்னுள்ளதை மட்டும் முன்னால் நகர்த்த வேண்டும்.

உங்களுடையது சீராக வளர்ந்தால் கணக்கு எளிது. இரு அடையாளங்களுக்கு இடையே படம் 3,300 நொடி, ஒலி 3,302. ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் ஒலியின் வேகத்தை 0.061 சதவீதம் கூட்டுங்கள். சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் மாற்றும் வசதியும் அதில் உண்டு. எனக்கு அது பிடிக்காது, குரலில் லேசான நடுக்கம் சேர்த்துவிடும். இவ்வளவு சிறிய சுருதி மாற்றம் நாதஸ்வர வித்துவான் காதுக்கும் எட்டாது. மூலக் கோப்பை அழிக்காமல் நகலில் செய்யுங்கள்.

கேசட் இன்னும் ஓடுகிறதா? அப்படியானால் இதெல்லாம் வேண்டாம். சிவப்பு, வெள்ளை ஒலி வயர்களையும் அதே யு.எஸ்.பி. கருவியில் செருகி மறுபடி மாற்றுங்கள்.

கேள்வி: கேசட் ஜன்னலுக்குள் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஒருமுறை போட்டுப் பார்க்கலாமா?
(கீழக்கரை வாசகர்)

பதில்: கூடாது. அது பூஞ்சை. உப்புக் காற்றின் ஈரத்தில் பீரோவுக்குள் கிடந்தால் இப்படித்தான் வரும். வீடியோ டெக்கில் போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். தனிப் பையில் போட்டு, நாடா சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.