கூடிக் கொண்டாடும் செலவுக்கு அம்மாவின் வைப்புத்தொகையை உடைக்கலாமா?

கேள்வி: நாங்கள் ஒரு சிறு நகரத்தில் வசிக்கிறோம். என் கணவர் மாதச் சம்பளக்காரர். நான் வீட்டின் முன்னறையில் துணி தைத்துக் கொடுக்கிறேன். அம்மா எங்களோடு இருப்பதால், அண்ணன் குடும்பமும் தங்கை குடும்பமும் ஆண்டு விடுமுறைக்கு எங்கள் வீட்டில்தான் கூடுவார்கள். அந்த ஒரு வாரம் தையல் இயந்திரத்தை மூடி ஓரமாக நகர்த்திவிட்டு, முன்னறையைக் குழந்தைகள் படுக்க ஒதுக்கிவிடுவேன். கடந்த முறை வழக்கமான வீட்டுச் செலவுக்கு மேல் 60,000 ஆனது. அதைக் கடனாக வாங்கினோம். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, பத்துத் தவணை, மாதம் 6,600. ஆறு தவணை கட்டியாயிற்று. அடுத்த விடுமுறைக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. மறுபடியும் கடன் வேண்டாம், தன் வைப்புத்தொகையை உடைத்துக்கொள்ளலாம் என்கிறார் அம்மா. உடன்பிறந்தவர்களிடம் பணம் கேட்க எனக்கு வாய் கூசுகிறது. அவர்களும் வெறுங்கையோடு வருவதில்லை. என்ன செய்வது?

பதில்: அம்மாவின் வைப்புத்தொகையைத் தொடாதீர்கள். முதிர்வுக்கு முன் உடைத்தால், பணம் இருந்த காலத்துக்குரிய குறைந்த வட்டியே பெரும்பாலும் கிடைக்கும். அதிலும் ஒரு பகுதியை அபராதமாகப் பிடித்துக்கொள்வது வழக்கம். ஆனால், நான் வேண்டாம் என்பதற்கு அது முதன்மையான காரணம் அன்று. அந்தப் பணம் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போகும் நாளுக்கானது. அவருடைய வயதில் கரைந்த தொகையை மீண்டும் சேர்க்க வழியில்லை. மேலும், விடுமுறைக் கூடல் ஒரு முறை வந்துபோகும் செலவு அல்ல. இந்த ஆண்டு அம்மாவின் பணத்தில் நடந்தால், அடுத்த ஆண்டும் அதே 60,000 உங்கள் வாசலில் வந்து நிற்கும். அம்மாவின் சேமிப்பில் மூவருக்கும் அக்கறை உண்டு என்பதால், ஒருவர் வீட்டுச் செலவுக்காக அது குறைந்தது என்ற பேச்சு பிற்காலத்தில் உங்கள் மீதே வந்து விழுவதற்கும் இடம் உண்டு.

அடுத்து, நீங்கள் வாங்கியிருக்கும் கடன். 12 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். தவணைத் தொகையைப் பார்த்தால் அது பிளாட் வட்டி, அதாவது தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை போடப்படும் வட்டி என்று தெரிகிறது. மாதம் கட்டும் 6,600இல் அசல் 6,000, வட்டி 600. ஆறு தவணை முடிந்த இன்றைய நிலையில் உங்கள் அசல் பாக்கி 24,000தான். ஆனால் ஏழாவது மாத வட்டியும் முதல் மாதத்தைப் போலவே முழு 60,000க்கும் கணக்கிடப்படுகிறது. குறைந்துகொண்டே வரும் நிலுவைக்கு மட்டும் வட்டி போடுவதாக வைத்துக் கணக்கிட்டால், இந்தக் கடனின் உண்மையான விகிதம் ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. இப்படிப்பட்ட கடனை முன்கூட்டியே அடைத்தாலும், மீதி நான்கு மாதங்களுக்குரிய 2,400 வட்டியைத் தள்ளுபடி செய்வார்களா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஆகவே எங்காவது புரட்டி அவசரமாக அடைக்க முனைவதற்கு முன், அதை எழுத்துமூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தள்ளுபடி இல்லையென்றால் தவணைப்படியே கட்டி முடித்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் செலவாகவே எண்ணாத ஒன்று இருக்கிறது. என் மனம் அங்கேதான் நின்றது. இயந்திரத்தை மூடி நகர்த்திவைக்கும் அந்த வாரத்தில் உங்கள் வருமானமும் நின்றுபோகிறது. விடுமுறைக்கு முந்தைய நாள்களில்தான் தையல் வேலை அதிகம் வரும் என்றால், விருந்தினரை வரவேற்க வீட்டை ஒழுங்குசெய்யும் அந்த நாள்களிலும் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 60,000 என்ற கணக்கில் இது சேரவில்லை. சம்பளத்தோடு விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அந்த வாரம் ஓய்வு. உங்களுக்கோ அது சம்பளம் இல்லாத வாரம், அதுவும் ஆண்டிலேயே அதிகம் உழைக்கும் வாரம். இதைக் குறையாகச் சொல்லிக்காட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பங்கு பிரிக்கும்போது இது ஏட்டில் ஏற வேண்டும்.

ஆம், பங்கு பிரிக்கத்தான் வேண்டும். அவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை என்பது உண்மையே. ஆனால் பரிசுப் பொருள்களைக் கொண்டு தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அடுப்பு எரிவாயுவுக்கும் பணம் கட்ட முடியாது. பொருளியல் அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறைக் காலப் பரிசுகளைப் பெற்றவர்கள், உணர்வுப் பிணைப்பை நீக்கிவிட்டுப் பார்க்கும்போது, அவற்றுக்குத் தந்த மதிப்பு வாங்கிய விலையைவிடப் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாக இருந்ததைக் கணக்கிட்டுக் காட்டினார். அன்போடு வாங்கிவரும் பொருளுக்கு அதற்குரிய இடம் உண்டு. ஆயினும் பெரியவர்களுக்கான பரிசுகளை இந்த ஆண்டு நிறுத்திவிட்டு அந்தத் தொகையைப் பொதுச் செலவில் சேர்த்துவிட்டால், அவர்கள் கையிலிருந்து புதிதாகப் போவது மிகக் குறைவாகவே இருக்கும்.

இனி கணக்கு. இன்னும் நான்கு மாதங்களில் கடன் முடிகிறது. அதன் பின் விடுமுறைக்கு இரண்டு மாதம் இருக்கும். அந்த இரண்டு மாதமும் அதே 6,600ஐத் தவணை கட்டுவதாகவே எண்ணித் தனிக் கணக்கில் போட்டால் 13,200 சேரும். உங்கள் வீட்டின் பங்கு அதுவாகவே இருக்கட்டும். மீதி 46,800ஐ அண்ணனும் தங்கையும் பாதிப்பாதியாக ஏற்றால் ஆளுக்கு 23,400. ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 3,900. மூன்று வீட்டுக்கும் சமமாகப் பிரித்தால் உங்கள் பங்கு 20,000 ஆகியிருக்கும். குறைகிற 6,800ஐ நீங்கள் இழக்கும் தையல் வருமானத்துக்கு ஈடாகக் கொள்ளுங்கள். தலைக்கு இவ்வளவு என்று எண்ணிப் பிரிப்பதை நான் விரும்புவதில்லை. அதில் குழந்தைகள் அதிகம் உள்ள வீடு தண்டிக்கப்படுவதுபோல் ஆகிவிடும். தங்கை வீட்டில் வருமானம் குறைவு என்றால் அவர் பங்கைக் குறைத்து, அண்ணனிடம் கூட்டிக் கேட்பதில் தவறில்லை.

இதை அவர்கள் வந்திருக்கும் நாள்களில் பேசாதீர்கள். கிளம்பிப் போன மறுநாளும் வேண்டாம். இந்த வாரமே சொல்லுங்கள். ஆறு மாத அவகாசம் இருப்பதுதான் அவர்களுக்கும் எளிது. முதலில் அம்மாவிடம் தனியே உட்கார்ந்து விளக்கிவிடுங்கள். பிள்ளைகளிடம் பணம் கேட்பதா என்று அவர் பின்னால் வருந்தினால் எல்லாம் குலைந்துவிடும். பிறகு, கடந்த முறை ஆன செலவை ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து, இருவருக்கும் ஒரே நாளில், ஒரே சொற்களில் அனுப்புங்கள். அண்ணனுக்கு இப்படி எழுதலாம்: "அண்ணா, போன முறை எல்லோரும் கூடியதில் 60,000 ஆனது. அதைக் கடன் வாங்கித்தான் செய்தோம், இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். இந்த முறையும் எல்லோரும் வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. அதனால் இப்போதிருந்தே மாதம் 3,900 போட முடியுமா? நானும் போடுகிறேன். கணக்கை எல்லோரும் பார்க்கலாம்." கடன் வாங்கியதை மறைக்காதீர்கள். நீங்கள் இத்தனை காலம் எதுவும் சொல்லாததால், உங்களுக்குச் சிரமமே இல்லை என்று அவர்கள் நினைத்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இந்தப் பணத்துக்கென்று வங்கியில் தனிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பாக இருந்தால் இன்னும் நல்லது. இது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள கார்லைல் என்னும் ஊரின் வங்கி ஒன்று 1909இலேயே விடுமுறைக் காலத்துக்கென்று சேமிப்புக் கணக்குகளைத் தொடங்கியது. இத்தகைய கணக்குகள் பின்னர் அந்நாடு முழுவதும் பரவின. வட்டி சொற்பமாக இருந்தும் மக்கள் அவற்றை நாடியதற்குக் காரணம், பணத்தை இடையில் எளிதில் எடுக்க முடியாது என்பதே. கூடுதல் வட்டியோ பொருளோ தருவதாகச் சொல்லும் தனியார் சேமிப்புத் திட்டங்களில் மட்டும் இதைப் போடாதீர்கள். பிரிட்டனில் விடுமுறைச் செலவுக்காக ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகக் கட்டவைத்த ஃபேர்பாக் நிறுவனம் 2006 அக்டோபரில் நொடித்துப்போனது. வங்கி வைப்புக்கு இருக்கும் காப்பு அந்தப் பணத்துக்கு இல்லாததால், லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த ஆண்டு ஏமாந்து நின்றார்கள். பல ஆண்டுகள் கழித்து அவர்களுக்குத் திரும்பி வந்தது ஏறத்தாழப் பாதிதான்.

இருவரில் ஒருவர் முடியாது என்று சொன்னால் மனம் உடைந்துவிடாதீர்கள். ஆனால் அந்தப் பள்ளத்தை நீங்கள் கடன் வாங்கி நிரப்பவும் கூடாது. சேர்ந்திருக்கும் தொகைக்கு எத்தனை நாள் வருமோ அத்தனை நாள் கூடுங்கள். ஏழு நாள் நான்கு நாளாகக் குறைந்தால், நாள் கணக்கில் ஆகும் செலவு பாதிக்கு அருகில் குறையும். உங்கள் தையல் வேலைக்கும் மூன்று நாள் திரும்பக் கிடைக்கும். எத்தனை நாள் என்பதை, அவர்கள் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே தெரிவித்துவிடுங்கள்.