மருத்துவர் பதில்கள்: தனித்தனியே தரும் மருந்தைச் சேர்த்துத் தர ஆய்வு எதற்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு மூளையில் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தில் கரைந்த கட்டி திரும்பிவிட்டது. இப்ருட்டினிப் மாத்திரையோடு வேறு மருந்துகளையும் சேர்த்துத் தரும் முதல்கட்ட ஆய்வில் சேரலாம் என்கிறார்கள். எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள மருந்துகள்தானே, சேர்த்துக் கொடுத்தால் ஆயிற்று! அப்பாவைச் சோதனை எலி ஆக்குகிறார்களோ என்று பயமாக இருக்கிறது.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பயத்துக்குப் பிறகு வருகிறேன், அம்மா. முதலில் அந்த 'ஆயிற்று'.

மூளைக்குள் மருந்து நுழைவதே பெரும்பாடு. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்பு பலவற்றை உள்ளே விடாது. அதனால்தான் மெத்தோட்ரெக்சேட்டை உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 3 கிராம், அதற்கு மேலும்கூட ஏற்றிவிட்டு, பிறகு அதன் நச்சைத் தணிக்கும் லியூகோவோரின் கொடுத்து மற்ற உறுப்புகளைக் காக்கிறோம். இப்ருட்டினிப் சிறிய மூலக்கூறு, தடுப்பைத் தாண்டும். நோய்ச்செல்லை ஓயாமல் பெருகச் சொல்லும் பிடிகே என்ற புரதத்தை அது அடக்குகிறது. தனியாகக் கொடுத்தால் பலருக்குச் சில மாதங்களில் நோய் மீண்டும் தலைதூக்குகிறது. எனவே கூட்டு மருந்து.

கூட்டினால் பலன் மட்டுமா கூடும்? அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 2017-இல் வெளியானது. இப்ருட்டினிப்புடன் டெமோசோலமைடு, எட்டோபோசைடு, ரிடுக்சிமாப், ஸ்டீராய்டு எனப் பலவற்றைச் சேர்த்தார்கள். பெரும்பாலோருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. கூடவே ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைத் தொற்றும் வந்தது. காற்றில் எங்கும் இருக்கும் பூஞ்சை அது. நலமாக உள்ளவரை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அதை எதிர்க்கும் நம் காவல் செல்களுக்கும் பிடிகே வேண்டும்! மாத்திரை அதையும் அடக்கிவிடுகிறது, ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை மேலும் குறைக்கிறது. ஒவ்வொரு மருந்தின் பக்கவிளைவுப் பட்டியலையும் அடுக்கிவைத்துக் கூட்டிப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. கொடுத்துத்தான், கண்காணித்துத்தான் தெரியும்.

எலி என்றீர்கள். எலியிடம் யாரும் ஒப்புதல் கேட்பதில்லை. உங்கள் அப்பா கையெழுத்திட்ட பிறகும் எந்த நாளும் விலகலாம். அதே சமயம், முதல்கட்டம் என்றால் பாதுகாப்பான அளவைத் தேடும் கட்டம் என்பதை மறைக்க மாட்டேன். வழக்கமாகச் சிலருக்குக் குறைந்த அளவில் தொடங்கி, தாங்கினால் அடுத்த குழுவுக்குக் கூட்டுவார்கள். குணமாக்குவதாக யாராவது வாக்களித்தால் நம்பாதீர்கள்.

ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு வாங்கிவந்து நிதானமாகப் படியுங்கள். அப்பாவுக்கு எந்த அளவு, முந்தைய குழுவுக்கு என்ன நேர்ந்தது, ஸ்டீராய்டை எப்போது குறைப்பார்கள் என்று கேளுங்கள். பூஞ்சைக்கு முன்தடுப்பாக எதைத் தருவார்கள் என்பதையும் விடாதீர்கள். அந்த வகை மருந்துகளில் சில, இரத்தத்தில் இப்ருட்டினிப் அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும்.