வண்டியில் இருக்கும் மாம்பழத்தைப் படம் எடுத்தால் வேலை கிடைக்குமா?

தண்டையார்பேட்டை அம்மாவுக்கு வணக்கம்.

"கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்க அனுப்பினால், என் தள்ளுவண்டி மாம்பழத்தையே போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறான்" என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். பையன் விளையாடவில்லை அம்மா. காய், செங்காய், பழம் என்று நீங்கள் கைபடாமலே பிரித்துவிடுகிறீர்களே, அந்தப் பார்வையைக் கணினிக்குப் பழக்கப் பார்க்கிறான்.

கணினிக்கு நிறம் என்பது வெறும் எண். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் அளவு. வாழைப்பழத்துக்கு இது சுலபம். பச்சையிலிருந்து கரும்புள்ளி விழும்வரை 7 நிலைகளைக் காட்டும் வண்ண அட்டையே வழக்கத்தில் இருக்கிறது. மாம்பழம்தான் படுத்தும். செந்தூரா காயாக இருக்கும்போதே தோளில் சிவந்துவிடும். இமாம் பசந்த் பழுத்த பிறகும் பச்சை முழுதாகப் போகாது. ஆகவே முதலில் எந்த ரகம் என்று பார்க்க வேண்டும், அப்புறம்தான் பழுத்ததா என்று. ரகத்தைக் கண்டுபிடிக்க ருமானியின் உருண்டையும் கிளிமூக்கின் நுனியும் கைகொடுக்கும். இன்னொன்று, நீலத் தார்ப்பாய் நிழலில் ஒரு நிறம், வெயிலில் வேறு நிறம். பழத்தோடு ஒரு வெள்ளைத்தாளையும் வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். நிறத்தைச் சரிசெய்ய அது உதவும்.

சாதாரண கேமரா தோலைத்தான் பார்க்கும். தடைசெய்யப்பட்ட கார்பைட் கல் வைத்து மஞ்சளாக்கிய பழம் அதை ஏமாற்றிவிடும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் நேராக உங்கள் தீர்ப்பையும், பழத்தை அறுத்த பிறகு தெரிந்ததையும் அவன் ஒரு நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டு இல்லாமல் படங்களை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

சரி, வேலை? பழத்தை மட்டும் நம்பினால் வாய்ப்பு குறைவு. ஆனால் தொழிற்சாலையில் பழுதான பாகத்தைப் பிடிப்பது, துறைமுகத்தில் கன்டெய்னர் எண்ணைப் படிப்பது, ஸ்கேன் படத்தை அலசுவது எல்லாவற்றுக்கும் அடிப்படை இதே வித்தைதான். அதற்கு வேண்டிய பைத்தான் என்ற நிரல் மொழி, படங்களை அலசும் ஓப்பன்சிவி என்ற மென்பொருள் இரண்டும் இலவசம். கணக்குப் பாடத்தில் அணிகளையும் (மேட்ரிக்ஸ்) நிகழ்தகவையும் அவன் விடக்கூடாது. டிப்ளமோ முடித்ததும் பி.இ. இரண்டாம் ஆண்டிலேயே நேரடியாகச் சேரலாம்.

காசு வாங்கிக்கொண்டு புராஜெக்டைச் செய்து தருகிறோம் என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இன்டர்வியூவில் இரண்டாவது கேள்விக்கே மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த முறை அவனையும் அழைத்து வாருங்கள், அந்த நோட்டோடு.