எட்டு த்ரெட் போட்டும் ஒரு த்ரெட்டைவிட மெதுவாக ஓடுவது ஏன்?

லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) இல்லை, ஒவ்வொரு த்ரெட்டும் (ஒரே புரோகிராமில் இணையாக ஓடும் வேலை) அரேயில் தன் கவுண்டரை மட்டுமே கூட்டுகிறது, பிறகு ஏன் மெதுவாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்கல் கேஷ் லைனில் இருக்கிறது; அதாவது, பிராசசரின் ஒரு கோர் தன் வேக நினைவகமான கேஷுக்கு ஒரே மூச்சில் கொண்டுவரும் நினைவகத் துண்டில். எக்ஸ்86 பிராசசரில் ஒரு லைன் 64 பைட். உங்கள் கவுண்டர் ஒன்றுக்கு 8 பைட். எட்டும் சேர்ந்தால் சரியாக ஒரு லைன்! ஒரு கோர் அதில் எழுதியதும் மற்ற கோர்களிடம் உள்ள நகல் செல்லாததாகிவிடும். அடுத்த கோர் எழுத வேண்டுமென்றால் லைனை மறுபடி வாங்கியாக வேண்டும். இப்படியே அந்த ஒரு லைன் கோர்களுக்கிடையே அலைந்துகொண்டிருக்கும்.

நல்ல தீர்வு, ஃபங்ஷனுக்குள் லோக்கல் வேரியபிளில் கூட்டி, லூப் முடிந்தபின் ஒரே முறை அரேயில் எழுதுவது. இடையிலேயே மற்ற த்ரெட்கள் மதிப்பைப் பார்க்க வேண்டுமானால், ஒவ்வொரு கவுண்டரும் தனி லைனில் அமரும்படி அதை ஒரு ஸ்ட்ரக்டில் வைத்து அலைன்ஆஸ் 64 (64 பைட் எல்லையில் தொடங்கவைக்கும் குறிப்பு) கொடுங்கள். ஆப்பிள் எம்1 வகைகளில் லைன் 128 பைட். அங்கே 64 போதாது.

லினக்ஸில் கேஷ் மோதல்களைக் காட்டும் 'பெர்ஃப் சி2சி' கருவியை ஓட்டினால் எந்த லைனுக்குச் சண்டை என்று தெரிந்துவிடும். ஆப்டிமைசேஷன் இல்லாத பில்டை அளக்காதீர்கள். அதேசமயம் ஆப்டிமைசேஷன் போட்டதும், சாதாரண வேரியபிள் என்றால் கம்பைலரே அதை ரெஜிஸ்டரில் (கோருக்குள்ளேயே உள்ள சிறு சேமிப்பிடம்) வைத்து இந்தச் சிக்கலை மறைத்துவிடவும் கூடும். அட்டாமிக் (த்ரெட்கள் பாதுகாப்பாகப் பகிரும் வேரியபிள் வகை) என்றால் அந்தச் சலுகை கிடைக்காது.